கோடைக்காலத் தோட்டக் குளமும் அதனை நாடும் உயிர்களும்

சித்திரை பிறந்துவிட்டால் நெய்வேலியின் செம்மண் கண்ணைக் கூசச் செய்யும். கத்திரி வெயில் தொடங்கும் மே முதல் வாரத்திற்குள் தோட்டத்துப் புல் கருகி, வேம்பின் நிழலும் அனல் வீசத் தொடங்கும். பகல் பதினொரு மணிக்கு மேல் நகரியத்தின் தெருக்களில் மனிதரைக் காண்பது அரிது. அந்த நேரத்தில், எங்கள் குடியிருப்பின் பின்புறத் தோட்டத்தில் எட்டடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள ஒரு சிறு குளத்தைச் சுற்றி நிகழ்வனவற்றைப் பல கோடைகளாக நாங்கள் கண்டு மகிழ்ந்து வருகிறோம். அம்மகிழ்ச்சியை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதும், அக்குளம் எங்களுக்கு எழுப்பிய சில ஐயங்களை ஆராய்வதும் இப்பாடத்தின் நோக்கமாகும்.

நெய்வேலியில் நீரைப் பற்றிப் பேசுவது சற்று விந்தையானது. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிரதமர் நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961ஆம் ஆண்டில் நிலக்கரி வெளிப்பட்டது. அந்நிலக்கரிப் படுகையின் அடியில் பேரழுத்தத்துடன் ஊற்றுநீர் நிற்கிறது. அதனை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இராவிடில் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலெழும். ஆழத்தில் இத்துணை நீர் இருந்தும் மேற்பரப்பில் உள்ள சிவந்த மணற்பாங்கான மண் ஒரு குடம் நீரையும் நிறுத்தி வைப்பதில்லை. காலையில் குழியில் ஊற்றிய நீர் மாலையில் இராது. எனவே பறவைகளுக்காக நாங்கள் முதலில் தோண்டிய பள்ளம் பயன்படவில்லை. பின்னர் அடியில் களிமண் இட்டு, அதன்மேல் சிமெண்டு பூசிக் குளமாக்கினோம். புதுச் சிமெண்டின் சுண்ணாம்புக் காரம் நீர்வாழ் உயிர்களுக்கு ஆகாது. ஆதலால் ஏறத்தாழ ஒரு மாதம் நீரை நிரப்புவதும் இறைப்பதுமாகக் கழித்து, அதன் பின்னரே அல்லிக் கிழங்கை நட்டோம்.

குளம் வெட்டுவதென்ற பேச்சு எழுந்தபோதே எங்கள் குடும்பத்தில் கருத்து வேறுபாடு இருந்தது. மண்ணை அகழ்வதில் உயிர்க்கேடு உண்டு என்பதை நாம் அனைவரும் அறிவோம். எங்கள் பெரியப்பா அதைக்கூடப் பெரிதாகச் சொல்லவில்லை. "வெட்டுவது ஒரு நாள் வேலை. வற்றாமல் காப்பது எத்தனை நாள் வேலை என்று எண்ணிப் பார்த்தீர்களா? நம்பி வந்த உயிரைக் கோடையில் கைவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு?" என்று கேட்டார். அக்கேள்விக்கு அன்று எங்களிடம் தக்க விடை இல்லை. இன்றும் முழு விடை இருப்பதாகச் சொல்ல மாட்டோம்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அளவால் ஆறாகப் பகுத்துரைப்பதை அன்பர்கள் அறிவர். புல்லும் மரமும் ஓரறிவின, நத்தையும் சிப்பியும் ஈரறிவின, கறையானும் எறும்பும் மூவறிவின, நண்டும் தும்பியும் நாலறிவின எனச் செல்லும் அம்முறை, புழு, எறும்பு, வண்டு, மனிதன் எனப் பொறி ஒவ்வொன்றாக ஏறுவதைக் கூறும் தத்துவார்த்த சூத்திரத்தின் முறையோடு பெரிதும் ஒத்துச் செல்கிறது. பள்ளி விடுமுறையில் வரும் பிள்ளைகளுக்கு இதனை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தால் கொட்டாவி விடுகின்றனர். குளக்கரையில் அமர வைத்தால் அவர்களே வகைப்படுத்தத் தொடங்கிவிடுகின்றனர். அல்லியிலையின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் நத்தை, கரை ஈரத்தை நாடி வரிசையாக வரும் எறும்பு, இலை நுனியில் அமரும் தும்பி, நீருக்கு மேல் கண்ணை மட்டும் காட்டும் தவளை என ஓரறிவு முதல் ஐயறிவு வரை நாற்பது சதுர அடிக்குள் அடங்கிவிடுகிறது.

பழைய பகுப்பில் அடங்காதனவும் உண்டு; அவற்றைப் பிள்ளைகளிடம் மறைப்பதில் பயனில்லை. தும்பிக்குச் செவியில்லை என்பது இன்றைய அறிவியலோடு பொருந்துகிறது. ஆனால் அதே கரையில் இரவில் ஒலிக்கும் சில்வண்டுக்கு முன்னங்காலில் கேட்கும் உறுப்பு உள்ளது. ஆண் கொசு பெண் கொசுவின் சிறகோசையைத் தன் உணர்கொம்புகளால் கேட்டறிகிறது. எண்ணிக்கை எவ்வாறாயினும், எதிரே உள்ள உயிருக்கு எந்தெந்த வழியில் துன்பம் உணரப்படும் என்று எண்ணிப் பார்க்கச் செய்வதே அப்பகுப்பின் பயன் என்று நாங்கள் கருதுகிறோம்.

இனி, கண்டவற்றைக் கூறுவோம்.

விடியுமுன் எழுந்தால் முதலில் தெரிவது தவளைகளே. நாங்கள் எதனையும் கொண்டுவந்து விடவில்லை. முதல் மழைக்காலத்திலேயே தெரு வடிகாலிலிருந்து அவை தாமாக வந்து சேர்ந்தன. உடலை நீரில் மிதக்கவிட்டு அசையாது கிடக்கும் இவை, அருகே காலடி கேட்டால் மூழ்குவதில்லை. நீரின் மேலேயே தத்தித் தத்தி மறுகரைக்குச் செல்கின்றன. சிறுவர் ஓட்டாஞ்சில்லை நீரில் எறிந்து விளையாடுவது போலிருக்கும். தேரைகளின் வழக்கம் வேறு. கோடையில் அவை கரைக் கல்லின் அடியில் ஈரத்தைப் பற்றிக்கொண்டு கிடக்கும். ஆதலால் கல்லைப் புரட்டும் ஆவலைப் பிள்ளைகள் அடக்கிக்கொள்ள வேண்டும்.

வெயில் ஏறியதும் தேனீக்கள் வருகின்றன. பூவுக்காக வருவன அல்ல அவை, நீருக்காக வருவன. கூட்டின் வெப்பம் மிகுந்தால் தேனீக்கள் நீரைக் கொண்டுசென்று அறைகளின்மேல் தடவி, சிறகால் விசிறி ஆற்றுகின்றன. நாம் சன்னலில் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டி நீர் தெளிப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. முதல் கோடையில் நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு தேனீக்கள் வழுக்கும் சிமெண்டுக் கரையிலிருந்து தவறி விழுந்து மூழ்கக் கண்டோம். சொரசொரப்பான கற்களை நீருக்குள் பாதி அமிழுமாறு சரிவாக அடுக்கி, சில சுள்ளிகளையும் மிதக்கவிட்ட பின்னர் அந்த இறப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது. அணில் குட்டியும் ஓணானும் தவறி விழுந்தால் ஏறி வருவதற்கும் அச்சரிவே உதவுகிறது. கரை செங்குத்தாக உள்ள தொட்டி எதுவாயினும் சிற்றுயிர்களுக்கு அது பொறியே. அன்பர்கள் தத்தம் இல்லத்துத் தொட்டிகளை இக்கண்ணோடு ஒருமுறை நோக்குமாறு வேண்டுகிறோம்.

நண்பகல் தும்பிகளின் வேளை. செந்நிறத் தும்பி ஒன்று அல்லி மொட்டின் நுனியில் அமர்ந்து, சூரியன் உச்சிக்கு வரும்போது தன் வாலைச் செங்குத்தாக மேலே தூக்கி நிறுத்தும். அவ்வாறு நிற்பதனால் உடலின்மீது படும் வெயில் குறைகிறது. அதன் கூட்டுக்கண்ணில் பல்லாயிரம் சிறு கண்கள் உள்ளன. நாம் விரலை நீட்டுமுன் அது அறிந்துவிடும். ஊசித்தட்டான்கள் இணைந்து வந்து நீர்ச்செடியின் தண்டைக் கீறி முட்டையிடுகின்றன. அம்முட்டையிலிருந்து வெளிவருவது சிறகில்லாத, சேற்று நிறமான நீர்ப்பூச்சி. அது தன் கீழுதட்டைக் கைபோல நீட்டி இரையைப் பற்றும். கொசுப்புழு அதற்கு நாள்தோறும் உணவு. வளர்ச்சி முற்றியதும் தும்பியின் நீர்ப்பூச்சி ஓர் இரவில் தண்டின்மேல் ஏறி, முதுகு பிளந்து, ஈரச் சிறகோடு வெளிப்பட்டு, விடியலில் பறந்துவிடும். தண்டில் எஞ்சி நிற்பது சட்டை மட்டுமே.

அந்தச் சட்டைகள் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் செல்வம். தட்டானின் வாலில் நூலைக் கட்டிப் பறக்கவிட்டு, சிறு கல்லைத் தூக்கச் செய்யும் விளையாட்டு நம் ஊர்களில் நெடுங்காலமாக உண்டு. அறநெறி கேட்டு வளரும் நம் வீட்டுப் பிள்ளைகளும் அதற்கு விலக்கல்லர் என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறோம். கடிந்து பார்த்தோம், மறைவில் சென்று விளையாடினர். ஒரு வைகாசி இரவில் கைவிளக்கின் மேல் சிவப்புத் தாளைச் சுற்றி, தும்பி சட்டையுரிப்பதைக் காட்டினோம். சிறகு விரியும்வரை ஒருவரும் பேசவில்லை. அதன்பின் நூல் கட்டுவது அவ்வீட்டளவில் நின்றது. இப்போது ஒரு பெட்டியில் தும்பிச் சட்டைகள், வெறும் நத்தை ஓடுகள், நீர்க்கோலி உரித்த தோலின் ஒரு துண்டு ஆகியவை நாளும் இடமும் குறித்து அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. எவ்வுயிரையும் கொல்லாத அருங்காட்சியகம் அது.

மழைக்குப்பின் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள்நிற நாடோடித் தும்பியைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். சார்லஸ் ஆண்டர்சன் என்னும் உயிரியலாளர் மாலத்தீவில் பல ஆண்டுகள் குறிப்பெடுத்து, இத்தும்பிகள் இந்தியாவிலிருந்து கடல் கடந்து மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா நோக்கிச் செல்கின்றன என 2009ஆம் ஆண்டில் எழுதினார். தேங்கிய மழைநீரில் சில வாரங்களே வளர்ந்த பூச்சி, பெருங்கடலைக் கடக்கத் துணிகிறது.

பறவைகளைப் பற்றித் தனியே எழுதலாம். இங்கே சுருக்கிக் கொள்கிறோம். பறவைகளுக்கு வியர்வை இல்லை. அலகைத் திறந்து இளைப்பதே அவை உடல் வெப்பத்தை ஆற்றும் வழி. ஆதலால் கோடையில் நீர் அவற்றிற்கு இன்றியமையாதது. தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்து வந்து ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு குளிக்கும். கொண்டைக்குருவி இணையாக வரும். குண்டுகரிச்சான் தனியாக, யாரும் இல்லாத வேளையில் வரும். மடையான் வந்தால் தூண்போல நிற்கும். இனப்பெருக்கக் காலத்தில் அதன் முதுகு கருஞ்சிவப்பாக மாறியிருப்பதைக் கண்டு, வேறு பறவையென முதலில் மயங்கினோம். வெண்மார்பு மீன்கொத்தியோ மீனே இல்லாத எங்கள் குளத்தையும் விடுவதில்லை. தலைப்பிரட்டையையும் பூச்சியையும் ஓணானையும் அது பிடித்துண்ணும்.

இங்கேதான் முதல் ஐயம் எழுந்தது. ஒரு மாலையில் நீர்க்கோலி ஒன்று தவளையைப் பின்னங்காலில் பற்றிக்கொண்டது. தவளையின் ஓலம் கேட்டுப் பிள்ளைகள் கழியை எடுத்து ஓடினர். எங்களைப் பார்த்து, "நாம் அகிம்சையர் அல்லவா, ஏன் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்?" என்று அழுதுகொண்டே கேட்டனர். நீர்க்கோலிக்கு நஞ்சில்லை, ஆயினும் கழியால் அடித்தால் அதன் முதுகெலும்பு முறியும். பத்தாம் நூற்றாண்டினரான அமிர்தசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இவ்வினாவை எடுத்து ஆராய்ந்துள்ளார். ஒன்றைக் கொல்வதால் பல பிழைக்கும் என்று எண்ணிப் பிற உயிரை உண்டு வாழும் உயிர்களைக் கொல்லலாகாது என்பது அவர் முடிபு. அதனை எடுத்துச் சொன்னோம். பிள்ளைகள் கழியைக் கீழே போட்டனர். ஆனால் அவர்கள் மனம் நிறைவுற்றதாகக் கூற இயலாது. எங்கள் மனமும் அவ்வாறே. பாம்பும் தவளையும் தாமாக வந்தவை. இரண்டிற்கும் நாம் இடம் தந்தோம். ஒன்றை மற்றொன்றுக்கு ஊட்டவில்லை. இந்த அளவே எங்களால் சொல்ல முடிந்தது.

இரண்டாவது ஐயம் கொசுவைப் பற்றியது. இதில் எங்கள் குற்றமும் உண்டு. அண்டை வீட்டுச் சிறுமிக்கு டெங்குக் காய்ச்சல் கண்ட ஒரு பருவத்தில், தேங்கிய நீரைச் சோதிக்கும் ஊழியர் ஒருவர் வந்தார். குளத்தைக் கண்டதும் அதனை இறைத்துவிடச் சொல்வார் என அஞ்சினோம். ஏரி குளங்களை வற்றடித்தலை இல்லறத்தார் விலக்க வேண்டிய தொழில்களுள் ஒன்றாக நம் சாவக நூல்கள் கூறுவதை அவரிடம் எவ்வாறு விளக்குவது? அண்டை வீட்டுக் குழந்தை மருத்துவமனையில் இருக்கும்போது நூலை எடுத்துக்காட்டுவது முறையாகவும் தோன்றவில்லை. அவரோ ஒன்றும் பேசாமல், நீண்ட பிடியுள்ள வெண்ணிற அகப்பையால் குளத்தின் பத்து இடங்களில் நீரை மொண்டு பார்த்தார். ஒரு கொசுப்புழுவும் இல்லை. தும்பியின் நீர்ப்பூச்சிகளே துள்ளின. பின்னர் அவர் துளசித் தொட்டியின் அடியில் இருந்த தட்டை இழுத்துக் காட்டினார். இரண்டு விரற்கடை நீரில் நூற்றுக்கணக்கான புழுக்கள் நெளிந்தன.

டெங்குவைப் பரப்பும் கொசு தெளிந்த, அசையாத, சிறு கலங்களின் நீரையே பெரிதும் விரும்புகிறது. முட்டை கொசுவாவதற்குக் கோடையில் ஏழு முதல் பத்து நாள் போதும். முட்டைகள் கலத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினாலும் பல மாதங்கள் கெடாமல் இருக்கும். தவளையும் தும்பியும் நீர்வண்டும் வாழும் குளத்தில் அது பிழைப்பது அரிது; யாரும் வாழாத தட்டு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், மூடாத பீப்பாய் இவையே அதன் தாய்வீடு. குளத்தை ஆண்டுதோறும் இறைத்துக் கழுவினால் கொசுவை உண்பன அனைத்தும் அழிந்து, மீண்டும் நிரப்பிய வெறும் நீரில் முதலில் குடியேறுவது கொசுவாகவே இருக்கும்.

அந்த ஊழியர் எங்களைக் கேளாமலே தட்டைச் சுடுமண்ணில் கவிழ்த்தார். நாங்கள் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும் என்றும் சொல்லத் துணியோம். அன்றிரவு பிரதிக்கிரமணத்தில் அமர்ந்தபோது, கவிழ்த்த கையை விட, பத்து நாள்களாக அத்தட்டை நோக்காதிருந்த எங்கள் கண்ணே நினைவுக்கு வந்தது. கவனமின்மையோடு கூடிய செயலால் உயிரைப் பிரித்தலே இம்சை எனத் தத்துவார்த்த சூத்திரம் வரையறுப்பதன் பொருள், பல முறை படித்தும் அதுவரை எங்களுக்கு இவ்வளவு அண்மையில் வந்ததில்லை. இப்போது பூந்தொட்டிகளுக்குத் தட்டுகள் இல்லை. பீப்பாய்க்கு நெருக்கமான துணி கட்டப்பட்டுள்ளது. முட்டையிடவே இடம் தராவிட்டால், கொல்வதா விடுவதா என்னும் வினா எழுவதில்லை. சிறுமி நலம் பெற்றுத் திரும்பினாள்.

கொசுவுக்காக மீன் விடலாமே எனச் சிலர் கேட்பதுண்டு. 1928ஆம் ஆண்டில் அயல்நாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா மீன் பல இடங்களில் இதற்காகவே விடப்படுகிறது. அது தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்று, உள்ளூர் மீன்களையும் நலிவிக்கிறது. உலகில் பெருங்கேடு விளைத்த அயலுயிர்களின் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. கொல்வதற்கென்றே ஓர் உயிரை விலைகொடுத்து வாங்கிவிடுதல் நமக்குப் பொருந்துமா என்பதை அன்பர்களே எண்ணிப் பார்க்கலாம், நாங்கள் விடவில்லை. கடைகளில் விற்கும் சிவப்புக் காதுள்ள அயல்நாட்டு ஆமைக் குஞ்சையும் குளத்தில் விட வேண்டாம். நம் நாட்டுப் பால் ஆமையை வீட்டில் வைத்திருப்பதோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

கோடையில் குளத்தைக் காக்கும் முறையை அறிய விரும்புவோர்க்குச் சில சொற்கள். மே மாதத்தில் நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் நீர் ஆவியாகிறது. ஒரேயடியாக நிரப்பாமல், குழாய் நீரை ஒருநாள் வாளியில் வைத்திருந்து மாலையில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். நீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் உயிர்வளி குறையும்: 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் என்றால், 35 பாகையில் 7 மில்லிகிராமே. இரவில் செடிகளும் அதனை உட்கொள்வதால் விடியற்காலையே இடுக்கண் மிக்க வேளை. தலைப்பிரட்டைகள் அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கினால் நீரின் நிலை சரியில்லை என்று அறியலாம். அல்லியிலைகள் நீர்ப்பரப்பில் பாதியளவு நிழல் தந்தால் போதும். முழுதும் மூடவிடக் கூடாது. அழுகிய இலைகளை எடுக்கும்போது கரையிலேயே ஓர் இரவு வைத்திருந்தால் அவற்றில் ஒட்டிய சிற்றுயிர்கள் நீருக்குத் திரும்பிவிடும். குடிநீரை வடிகட்டிய துணியில் தங்கியவற்றை எடுத்த நீர்நிலையிலேயே விடும் நம் மூதாதையர் வழக்கத்தை அறிந்தவர்க்கு இது புதிதன்று. ஆகாயத்தாமரையை எவர் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அழகிய பூதான், ஒரு கோடைக்குள் நீரே தெரியாமல் செய்துவிடும். சிறு குழந்தைகள் உள்ள இல்லத்தில் ஒரு சாண் ஆழத்திற்கு மேல் குளம் வேண்டியதில்லை. வலிய கம்பி வலை அவசியம்.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூர்க் கரையைத் தாக்கியபோது இக்குளத்தின்மேல் முருங்கை மரம் முறிந்து விழுந்தது. கிளைகளை அகற்றச் சில நாள்களாயின. நிழல் போய்விட்டதால் அடுத்த கோடையில் நீர் கொதித்தது. அல்லி பாதி அழிந்தது. பழைய புடைவையைப் பந்தலாகக் கட்டி அக்கோடையைக் கடத்தினோம். தவளைகள் எப்படியோ பிழைத்தன.

இவ்வாண்டு கோடை எங்களுக்கு இக்குடியிருப்பில் இறுதிக் கோடை. பணி ஓய்வு பெற்றவர் குடியிருப்பை ஒப்படைத்துச் செல்ல வேண்டும் என்பது நகரியத்து விதி. பெரியப்பா இன்று இல்லை. அவர் கேட்ட கேள்வி இருக்கிறது. அடுத்து வருபவர் குளத்தை விரும்பலாம். மண் கொட்டி மூடவும் செய்யலாம். அதனைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. ஆகவே மூன்று வீடுகள் தள்ளி வாழும் நண்பர் ஒருவர் தம் தோட்டத்தில் சென்ற ஐப்பசியிலேயே ஒரு குளம் கட்டிக் காரம் நீக்கி வைத்துள்ளார். எங்கள் அல்லியின் கிழங்குகளும், அடிச்சேறு நான்கு வாளியும், ஒரு மண்வெட்டிக் கரைமண்ணும் அங்கே சென்றுவிட்டன. தவளைகளைப் பிடித்துச் செல்லவில்லை. இரு குளத்திற்கும் நடுவே உள்ள வேலியோரத்தில் காய்ந்த இலையைப் பரப்பி, மாலைதோறும் நீர் தெளித்து ஈரமாக வைத்து வருகிறோம். சென்ற வாரம் கோடை மழை பெய்த இரவில் நண்பர் தொலைபேசியில் அழைத்து, புதுக்குளத்தில் இரண்டு குரல் கேட்கிறது என்றார்.